இரண்டு வாசல் கோயிலின் சாவியக்கா

சாவியக்காவின் கதையைச் சொல்ல உட்கார்ந்தால், அந்தக் கோயிலுக்கு ஏன் இரண்டு தலைவாசல் என்பதை முதலில் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு அக்காவைச் சொல்ல முடியாது. முப்பத்தோரு வருஷம் அந்த இரண்டு வாசலையும் திறந்து மூடியவர் அவர்தான்.

கடைத்தெருவும் ஆலைச் சந்தும் சேர்கிற முக்கில் நிற்கிற செங்கல் கட்டடம் அது. முகப்பில் 'காங்கிரிகேஷனல் சபை' என்று ஒரு பலகை. மற்ற சபைகளில் மேலே ஒரு பேராயர் இருப்பார். அவர் சொன்னால் கீழே நடக்கும். இந்தச் சபைக்கு மேலே கூரையைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. எதுவானாலும் சபையாரே கூடிப் பேசி, கை தூக்கி, எண்ணி முடிவு செய்ய வேண்டும். போதகரை அழைப்பதும் அப்படித்தான், பாட்டுப் புத்தகத்துக்கு என்ன நிறத்தில் அட்டை போடுவது என்பதும் அப்படித்தான். போதகர் தலைமை நாற்காலியில் உட்காரலாம், கை தூக்கக் கூடாது. மாதத்தின் முதல் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சபைக்கூட்டம். பேசுவார்கள், பேசுவார்கள், நாக்கு உலரும் வரை பேசுவார்கள்.

ஆரம்பத்தில் பதினேழு பேர் ஒரு வண்டிச் சக்கரப் பட்டறையின் மாடியில் கூடியிருக்கிறார்கள். கீழே சம்மட்டி அடி, மேலே ஜெபம். பிறகு ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். மழை பிடித்தால் தகரத்தின் சத்தத்தில் பிரசங்கம் காதில் விழாது. 'மழை பெய்யும்போது போதகர் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்போம்' என்று அதற்கும் ஒரு தீர்மானம் போட்டு, கை எண்ணி, நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். அந்தத் தீர்மானத்தை இன்றுவரை யாரும் ரத்து செய்யவில்லை. இப்போதும் பெருமழையில் யாராவது ஒரு குறும்புக்காரர் அதை நினைவுபடுத்துவதுண்டு.

மூன்றாவதாகத்தான் இந்தச் செங்கல் கட்டடம். வினை அங்கேதான் வந்தது. வாசல் கடைத்தெருவைப் பார்க்கட்டும், போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்று பாதிப் பேர். சபையில் முக்கால்வாசி ஆலைச் சந்து ஜனங்கள், அவர்கள் எதற்குச் சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்று மீதிப் பேர். நாலு மாதம், நாலு கூட்டம், நாலிலும் சரிபாதி. இரண்டு பக்கமும் ஒற்றைக்காலில் நின்றார்கள். சுவர் இடுப்பளவு எழுந்து நிற்கிறது, வாசல் எங்கே என்று தெரியாமல் கொத்தனார்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் மேஸ்திரிக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாசல் வைத்துத் தருகிறேன், ஆளை விடுங்கள் என்று கும்பிடு போட்டாராம். அது மட்டும் ஏகமனதாக நிறைவேறியது.

உலகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்வார்களா, சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சுவரில் இரண்டு தலைவாசல் வந்ததால் பிரசங்க மேடை எதிர் மூலைக்குப் போய்விட்டது. பெஞ்சுகள் எல்லாம் கோணலாகத் திரும்பி அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றன. இரண்டு படிக்கட்டு, இரண்டு பூட்டு, இரண்டு சாவி. இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் போச்சு: காற்று ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும், மேசைமேல் இருக்கிற காகிதம் அத்தனையும் பறக்கும். ஆகவே ஒரு கதவைத் திறந்தால் மற்றதைச் சாத்தியே வைக்க வேண்டும் என்பது அந்தக் கோயிலின் எழுதாத சட்டம். அதைக் காப்பாற்றியவர் அக்கா.

அக்கா அங்கே வந்து சேர்ந்ததே ஒரு மேசைவிரிப்பால்தான். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. ஆலைச் சந்தில் இருந்த சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை. கோயிலின் திருவிருந்து மேசை விரிப்பு சலவைக்கு வந்தது. ஓரத்தில் ஒரு கிழிசல், நடுவில் பல வருஷத்து மெழுகுக் கறை. கறை போகாது என்று எல்லாரும் கைவிட்ட விரிப்பு. அக்கா அதை மூன்று நாள் வைத்திருந்து, காகிதம் வைத்து இஸ்திரி போட்டு மெழுகை உறிஞ்சி எடுத்தார். கிழிசலை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புருஷனிடம் கொடுத்தார். அவர் தையல்காரர். தைத்த இடம் தெரியாதபடி தைத்துக் கொடுத்தார். விரிப்பைத் திரும்ப வாங்கிய சபையார் வேறு யாருடைய விரிப்போ மாறி வந்துவிட்டது என்று சலவைக்கூடத்துக்கே கொண்டுவந்து சண்டை போட்டார்களாம். அதில் அறிமுகமாகி, அடுத்த ஞாயிறு அக்கா ஆலைச் சந்து வாசல் வழியாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் இரண்டு சாவியும் அவர் இடுப்பில் தொங்கின.

எந்தப் பலகை மிதித்தால் முனகும், எந்த ஜன்னல் மழையில் ஒழுகும், யார் எந்தத் தூணின் மறைவில் உட்கார்ந்து தூங்குவார் எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. இன்னொன்றும் அவருக்குத் தெரியும். சபையில் எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றிருக்கிறது என்பதை, யார் எந்த வாசல் வழியாக வருகிறார்கள் என்பதை வைத்தே சொல்லிவிடுவார். மரக்கடைச் சகோதரர்கள் இருவர் ஒன்பது வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் கடைத்தெரு வழியாக வருவார், தம்பி ஆலைச் சந்து வழியாக வருவார். ஒன்பது வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட இருவரும் தவறவில்லை. அக்கா அவரவர் பக்கத்தில் அவரவர் பாட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுவார். யாரிடமும் மூச்சு விடமாட்டார்.

இப்படிப்பட்ட அக்காவின் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. முப்பத்தோரு வருஷமும் இருந்தது. அவர் அந்தச் சபையின் அங்கத்தினரே இல்லை.

நடந்தது இதுதான். அங்கே ஒருவரைச் சபையில் சேர்ப்பதும் கை எண்ணித்தான். ஒரு மாதக் கூட்டத்தில் பெயரைப் படிப்பார்கள், மறுமாதம் கை தூக்குவார்கள். கை தூக்கும்போது சேர வந்தவர் வெளியே படியில் நிற்க வேண்டும். முடிந்ததும் உள்ளேயிருந்து கதவைத் திறந்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அக்காவின் பெயரும் படிக்கப்பட்டது. மறுமாதம் புருஷன் தைத்துக் கொடுத்த புது உடுப்போடு அவர் ஆலைச் சந்துப் படியில் நின்றார். உள்ளே நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது பொருள் முடிந்தது. அப்போதைய செயலர், 'நான்காவது பொருள்: சகோதரி' என்று எழுதிக்கொண்டிருந்தபோது மேல்தளத்துப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து மேசைமேல் விழுந்தது.

கடவுள் புண்ணியம், யாருக்கும் காயமில்லை. ஆனால் சுண்ணாம்புத் தூசியில் ஆளாளுக்கு மாவு மூட்டைக்குள்ளிருந்து எழுந்து வந்தவர்கள்போல் இரண்டு வாசல் வழியாகவும் வெளியே ஓடினார்கள். எல்லாரும் வெளியே ஓட, அக்கா மட்டும் உள்ளே ஓடினார். துடைப்பம் உள்ளே இருந்தது. பொழுது சாயும் வரை அள்ளிக் கொட்டினார், பெஞ்சுகளைத் துடைத்தார். புது உடுப்பு பாழ். அடுத்த ஏழெட்டு மாதம் கூட்டத்தில் மேல்தளத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை. பழைய செயலர் ஊர் மாறிப் போனார். நான்காவது பொருள் என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்காதான் எப்போதும் உள்ளே இருக்கிறாரே!

முதலில் கூச்சம். நம் பெயரை நாமே எடுத்துக் கொடுப்பதா என்று அக்கா காத்திருந்தார். பிறகு, இத்தனை மாதம் கழித்துக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கம். அப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. அது சொல்ல முடியாத விஷயமாகவே ஆகிவிட்டது. போதகர் ஒருவர் போய் இன்னொருவர் வந்தார். வந்தவர்கள் எல்லாரும் அக்காவை ஆதிகாலத்து அங்கத்தினர் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த முப்பத்தோரு வருஷத்தில் அக்கா ஒரு தடவைகூடக் கை தூக்கியதில்லை. உரிமை இல்லாத கையைத் தூக்குவது அவருக்குப் பொய் சொல்வதுபோல. கை எண்ணும் நேரம் வருகிறதென்று தெரிந்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைப்பார். நாளடைவில் அது சபையின் வழக்கம்போலவே ஆகிவிட்டது. எவ்வளவு நீளமாகப் பேசிக்கொண்டிருந்தாலும், அக்கா எழுந்துவிட்டால் பேச்சாளர் தானாகவே முடித்துக்கொள்வார். அதனாலேயே கூட்டங்கள் சீக்கிரம் முடிகின்றன என்று போதகர் மனதாரப் புகழ்வார். அக்காவுக்கு அந்தப் புகழ்ச்சி ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் புருஷன். அந்த மனுஷன் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். உங்கள் சபையில் வாய் அதிகம், என் தையல் இயந்திரத்தின் சத்தமே எனக்குப் போதும் என்பார். வருஷத்துக்கு ஒரு முறை, அக்கா அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பழைய நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு முகம் வாடி வீட்டுக்கு வருவார். 'சகோதரி' என்ற சொல்லோடு அந்தப் பக்கம் நின்றிருக்கும். அதற்குப் பின் ஒரு மைக் கீறல், சுண்ணாம்புத் தூசியின் வெள்ளை. பெயர்கூட எழுதப்படவில்லை. அன்று மட்டும் புருஷன் கேலி பண்ணமாட்டார். போய்ச் சொல்லிவிட்டு வாயேன் என்பார். அக்கா இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணுவார்.

கட்டடத்துக்கும் வயதாகிக்கொண்டே வந்தது. அக்காவுக்கு ஐம்பத்தொன்பது ஆனபோது வடக்குச் சுவர் வயிறு தள்ளிவிட்டது. சபையிலேயே ஒரு கட்டடக்காரர் இருந்தார், வீடுகள் கட்டிக் கொடுப்பவர். அவர் தூக்குக் குண்டு பிடித்துப் பார்த்துவிட்டு, இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டுவதுதான் சரி என்றார். பொய் சொல்கிற ஆள் இல்லை. இன்னொரு பக்கம் பாதிச் சபை, முட்டுக் கொடுத்துப் பழுது பார்த்தால் இன்னும் இருபது வருஷம் நிற்கும் என்று வாதாடியது. மூன்று கூட்டம் பேசினார்கள். நாலாவது கூட்டத்தில் கை எண்ணிவிடுவது என்று முடிவாயிற்று.

அந்த மாதம் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. தரையைப் பெருக்கும்போது சுவரில் கையை வைத்து வைத்துப் பார்த்தார். தன் கையை ஏற்றுக்கொள்ளாத கட்டடம்தான், ஆனால் அவருக்கு அது வீட்டைவிட நெருக்கம். பிள்ளையில்லாத வீடு அவருடையது. ஞாயிறு காலையில் அந்தப் பெஞ்சுகள் நிரம்புவதைப் பார்ப்பதுதான் அவருக்கு வாரத்தின் சந்தோஷம். இடித்தால் அதோடு தானும் போய்விடுவோம் என்றே நினைத்தார்.

கூட்டத்தன்று போதகர் தீர்மானத்தைப் படித்தார்: இருக்கும் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிது கட்டுவது. சரிபாதி வந்தால் தீர்மானம் தோற்றது, கட்டடம் நிற்கும். எல்லாரும் ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தார்கள், தண்ணீர் வைக்க எழுந்து போவார் என்று. அக்கா எழுந்திருக்கவில்லை.

ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். கடைத்தெருப் பக்கத்திலிருந்து ஒருவரும் ஆலைச் சந்துப் பக்கத்திலிருந்து ஒருவருமாக இரண்டு பேர் தனித்தனியே எண்ணிக்கொண்டு வந்தார்கள். இருவர் கணக்கும் ஒத்துப்போனது. இருபத்து நான்கு. எதிர்ப்பவர்கள் என்று போதகர் சொன்னார். கைகள் எழுந்தன. கடைசி பெஞ்சில், முப்பத்தோரு வருஷத்தில் முதன்முறையாக, அக்காவின் கையும் எழுந்தது. இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புள்ள வலது கை. எண்ணியவர்கள் அதையும் எண்ணினார்கள். இருபத்து நான்கு.

பழுது பார்க்கும் கட்சிக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டினார். கட்டடக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு வரைபடத்தைச் சுருட்டினார். செயலராக இருந்த மருந்துக்கடைக்காரர் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். நிப் காகிதத்தில் கீறுகிற சத்தம் அந்த அமைதியில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. கட்டடம் பிழைத்துவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அக்கா வாயை மூடிக்கொண்டு போய் டீ போட்டிருந்தால் அதோடு முடிந்தது.

நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். நீங்களும்தான், மழுப்பாதீர்கள். அக்கா எழுந்து நின்றார்.

“ஐயா, எழுதாதீங்க. என் கையை எண்ணாதீங்க.”

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ஏம்மா, மாத்தித் தூக்கிட்டீங்களா?”

“இல்லீங்க. நான் இந்தச் சபையில சேரவே இல்ல. அன்னைக்கு என் பேர் வர்றதுக்குள்ள மேல்தளம் விழுந்துருச்சு. அதுக்கப்புறம் யாரும் கேக்கல, நானும் சொல்லல. முப்பத்தோரு வருஷமா ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கேன்.”

அக்கா நேராக அலமாரிக்குப் போய், எத்தனையோ புத்தகங்களுக்கு நடுவில் தேடாமல் கொள்ளாமல் அந்த ஒரு புத்தகத்தை உருவி எடுத்து, சரியான பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். மருந்துக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். விரலில் வெள்ளையாக ஒட்டியது. அவர் கண் கலங்கிவிட்டது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். இப்போதே அக்காவைச் சேர்த்துவிட்டு மறுபடி எண்ணலாம் என்றார் ஒருவர். வழக்கப்படி இந்த மாதம் பெயர் படித்தால் அடுத்த மாதம்தான் கை தூக்க முடியும் என்றார் இன்னொருவர். எல்லாருக்கும் ஆச்சரியமாக, வழக்கமாவது ஒன்றாவது என்று எழுந்தவர் கட்டடக்காரர். அக்காவின் கை கழிந்தால் ஜெயிப்பது அவர்தான்.

“அக்கா, அது நாங்க மறந்தது. உங்க தப்பில்ல. உங்க கைய எண்ணிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

“நல்ல மனசோட சொல்றீங்க தம்பி. ஆனா திருட்டுக் கையால காப்பாத்தின கட்டடத்த நான் நாளைக்கு எப்படிப் பெருக்குவேன்? எல்லாருக்கும் என்ன முறையோ அதே முறைல என்னையும் சேத்துக்கங்க. சேத்துக்கறதா இருந்தா.”

அவ்வளவுதான். இருபத்து நான்குக்கு இருபத்து மூன்று. தீர்மானம் நிறைவேறியது. அந்தக் கட்டடத்தின் விதியை எழுதியது அதை எல்லாரையும்விட அதிகமாக நேசித்த ஆள். அடுத்த பொருளாக அக்காவின் பெயரைப் படித்தார்கள்.

வீட்டில் புருஷன் ஒரு கால்சட்டைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தார். அக்கா நடந்ததைச் சொல்லச் சொல்ல, இயந்திரத்தை நிறுத்தினார்.

“அப்ப, கோயிலையே கவுத்துட்டு வந்திருக்கன்னு சொல்லு.”

அக்கா அழுதுவிட்டார். சத்தமாகவே அழுதார். புருஷன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அழுது முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, எழுந்து நில், போன தடவை தைத்தது உனக்கு இப்போது பத்தாது என்றார். அன்று தூங்கும் முன், இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் உன் முகத்தில் சுருக்கம் எடுத்தமாதிரி இருக்கிறது என்றும் சொன்னார்.

மறுமாதம் முதல் சனிக்கிழமை. அந்தக் கட்டடத்தில் கடைசிக் கூட்டம். அக்கா இரண்டு சாவியையும் மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஆலைச் சந்துப் படியில் போய் நின்றார். பக்கத்தில், கோயில் பக்கம் எட்டிப் பார்க்காத புருஷன். மரியாதைக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்டார். கதவை அக்காவே வெளியேயிருந்து இழுத்துச் சாத்தினார். ஊரில் எல்லாருக்கும் அந்தக் கதவைத் திறந்துவிட்ட ஆள், சாத்திய கதவுக்கு முன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உள்ளே ஒரு பெஞ்சு நகரும் சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போட்டது. “பயப்படாத, இன்னைக்கும் விழுந்துச்சுன்னா நான் போய்ப் பெருக்கறேன்” என்றார் புருஷன்.

நேரம் ஆயிற்று. சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்ற எண்ணம் அக்காவுக்கு வந்துவிட்டது. ஏமாற்றியவள்தானே என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தாலும் போதுமே.

உண்மையில் உள்ளே நடந்தது வேறு. ஐம்பத்தொரு கைகள் ஒரே மூச்சில் எழுந்துவிட்டன. அதற்குப் பின்தான் குழப்பம். அக்கா எந்தப் படியில் நிற்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தைக் காட்டினார்கள். அதற்கும் கை எண்ணலாமா என்று ஒருவர் கேட்க, போதகர் சிரித்துவிட்டார். கடைசியில் கட்டடக்காரர் கடைத்தெருக் கதவுக்கும் மருந்துக்கடைக்காரர் ஆலைச் சந்துக் கதவுக்கும் ஓடினார்கள். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன.

காற்று புகுந்தது. அன்றைய நிகழ்ச்சி நிரல், புதுக் கட்டடத்தின் வரைபடம், பாட்டுத் தாள்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. மருந்துக்கடைக்காரர் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தபோது, பாதிச் சபை பெஞ்சுக்கடியில் குனிந்து காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்தது. அக்காவின் கால் தன்னால் துடைப்பம் இருந்த மூலைப் பக்கம் திரும்பியது. மருந்துக்கடைக்காரர் கையை விடவில்லை. முன் பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தார். பின்னாலேயே வந்த புருஷன் கடைசி பெஞ்சில் ஒதுங்கினார்.

அடுத்த பொருள், புதுக் கட்டடத்தின் அமைப்பு. கட்டடக்காரர் வரைபடத்தின் ஓரம் கிழிந்ததை நீவிவிட்டபடி விளக்கினார். முக்கில் ஒரே வாசல், நல்ல அகலம், அகலமான படி. மேடை நடுவில், பெஞ்சுகள் நேர் வரிசையில். அக்காவுக்கும் இனி ஒரே பூட்டு, ஒரே படிதான் பெருக்க வேண்டும் என்று அவரைப் பார்த்துச் சொன்னார். எல்லாருக்கும் பிடித்துப்போனது. மேஸ்திரி இரண்டு வாசல் வைத்த காலத்திலிருந்து கட்டட விஷயத்தில் இப்படி ஒரு ஒற்றுமை வந்ததில்லை. ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். ஐம்பத்தொன்று.

எதிர்ப்பவர்கள் என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டுப் போதகர் காகிதத்தைப் புரட்டப் போனார். முன் பெஞ்சில் ஒரு கை எழுந்து நின்றது.

எதிர்த்துக் கை தூக்கியவர் காரணம் சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்பது அங்கே முறை. போதகர் மெதுவாகக் கேட்டார்.

“ரெண்டு வாசல் வேணும்யா,” என்றார் அக்கா. “மனஸ்தாபம் யாருக்கு இல்ல? இங்க ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கப் பிடிக்கலன்னா அடுத்த வாசல் வழியா வந்துருவாங்க. வராம மட்டும் இருந்ததில்ல. நான் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன். ஒரே வாசல்னா அவங்க வீட்டுலயே நின்னுருவாங்க.”

மரக்கடைச் சகோதரர்கள் இருவரும், இப்போது தலை நரைத்தவர்கள், தரையைப் பார்த்தார்கள். இன்னும் எத்தனையோ பேர் பார்த்தார்கள். வேடிக்கைக் கட்டடம் என்று ஊரே சிரித்த கட்டடம் தங்களைக் கட்டிக் காத்திருக்கிறது என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டடக்காரர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், வேண்டுமானால் மறுபடி எண்ணலாமே என்றார். நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

“வேண்டாம் தம்பி. எண்ணினது எண்ணினதுதான். மாத்தணும்னா அடுத்த மாசம் பேசிக்கலாம். இப்ப எழுதச் சொல்லுங்க.”

மருந்துக்கடைக்காரர் எழுதினார். அக்கா எழுந்து போய் மேசைமேல் குனிந்து, விரலை வைத்துப் படித்தார். மேலே நான்காவது பொருளில் அவருடைய முழுப் பெயர், ஒரு எழுத்து விடாமல். அதற்குக் கீழே: ஆதரவு ஐம்பத்தொன்று, எதிர்ப்பு ஒன்று. இரண்டு முறை படித்துவிட்டு, மை உலரட்டும், மூடிவிடாதீர்கள் என்று சொல்லித் திரும்பி வந்து உட்கார்ந்தார். தோற்றுப்போன ஆள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அந்தச் சபை பார்த்ததில்லை.

இன்னும் ஒரு பொருள் பாக்கி இருந்தது. புதிது கட்டி முடியும் வரை எங்கே கூடுவது என்பது. பேசி முடித்துக் கை எண்ணும் நேரம் வந்ததும், பழக்கதோஷத்தில் அக்கா தண்ணீர் வைக்க எழுந்துவிட்டார். எழுந்தவர் பாதி வழியில் நின்று, திரும்பி வந்து உட்கார்ந்து, கையை மடியில் தயாராக வைத்துக்கொண்டார். கடைசி பெஞ்சில் இருந்த தையல்காரர் அதைப் பார்த்துவிட்டு, தானே எழுந்து பின்கட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தார். அங்கே இருந்தவர்களில் சபையில் சேராத ஒரே ஆள் இப்போது அவர்தானே.